குவியலுக்குள் ஈரம்

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் இக்கல்லூரியின் பழைய மாணவர்கள். மூத்தவர் தமிழ் பயின்றார். இளையவர் வேதியியல் பயின்றார். ஒருவர் எழுதினால் அறிவியல் குறையும். மற்றவர் எழுதினால் தமிழ் குறையும். ஆகவே இருவரும் சேர்ந்தே எழுதத் துணிந்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக அமைந்த பாடம் ஒன்று உண்டு. அது வகுப்பறையில் கிடைத்ததன்று. எங்கள் வாப்பாவின் மரவாடிக்குப் பின்னால் குவிந்து கிடந்த மரத்தூளில் கிடைத்தது. அதனையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

மரத்தூள் மலை

செங்கோட்டைக்கு அருகில் எங்கள் வாப்பா ஒரு மர அறுவை ஆலை நடத்தி வந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் தேக்கும், கேரளத்திலிருந்து மலைப்பாதை வழியே வரும் ரப்பர் மரமும், உள்ளூர் வேம்பும் பூவரசும் அங்கே பலகைகளாகும். வாள் ஓடும் இடமெல்லாம் தூள் உதிரும். ஒரு காலத்தில் அத்தூளுக்கு நல்ல தேவை இருந்தது. தகர டின்னின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து, புட்டியை உருவி எடுத்துவிட்டால் அதுவே அடுப்பு. தேநீர்க் கடைகளிலும் எளியோர் இல்லங்களிலும் அந்த மரத்தூள் அடுப்பு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பின்னர் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தாய்மார்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரும் நன்மை. ஆனால் எங்கள் ஆலைத் தூளைக் கேட்டு வருவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தனர்.

கேட்பாரற்ற தூள் குவியலாயிற்று, குவியல் குன்றாயிற்று. இடம் போதாமல் வாரம் ஒருமுறை அதன் ஓரத்தில் தீயிட்டார்கள். மரத்தூள் சுடர்விட்டு எரியாது. நாள் முழுதும் புகைந்துகொண்டே கிடக்கும். ஆலையை ஒட்டிய வீட்டில் இருந்த ஆச்சிக்கு இழுப்பு நோய். ஒருநாள் அவர் மதிலருகே வந்து நின்று, “ஐயா, உங்க வாப்பாகிட்டச் சொல்லுங்க. ராத்திரியில மூச்சு விட முடியல” என்று மட்டும் சொல்லிப் போனார். அவர் சண்டையிட்டிருந்தால் எங்களுக்கு மறுமொழி சொல்லத் தெரிந்திருக்கும். அன்றிரவு வாப்பா சரியாக உண்ணவில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டதெல்லாம் நம் மதிலுக்கு அப்பால் இருமிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

அது 2012 ஆம் ஆண்டு. தமிழகத்தின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவிய காலம். ஆலை ஓட வேண்டுமானால் டீசல் மின்னாக்கி ஓட வேண்டும். மின்னாக்கி ஓடினால் வருவாயில் பாதி டீசலுக்கே போய்விடும். அவ்வேளையில் வேதியியல் முதுகலை பயின்றுகொண்டிருந்த இளையவர், மரக்கழிவைக் காற்றின்றிச் சூடாக்கினால் எண்ணெய் வடிக்கலாம் என்று படித்துவிட்டு வந்தார். புகையும் தீரும், டீசல் செலவும் தீரும், ஒரு கல்லில் இரு மாங்காய் என்று எங்களுக்குத் தோன்றியது.

பழைய கலைக்குப் புதிய பெயர்

இக்கலை நம்மவர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் குழித்தைலம் என்று ஒன்றை இறக்குவார்கள். அடியில் துளையிட்ட பானையில் மருந்துச் சரக்கை இட்டு மூடி, குழிக்குள் வைத்த மற்றொரு கலத்தின்மேல் அதனைப் பொருத்தி, மேலே எருவடுக்கித் தீமூட்டினால் தைலம் கீழ்க்கலத்தில் சொட்டும். ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கலத்திற்கு வாலை என்று பெயர். வடிந்து வருவது தீநீர்.

அரபு மொழியில் எழுதிய வேதியியலாரிடமும் இக்கலை சிறந்திருந்தது. 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அர்ராஸீ தம் இரகசியங்களின் நூலில் ஆய்வுக்கூடக் கருவிகளை வகைப்படுத்தி விளக்கியுள்ளார். வாலைக்கு அவர்கள் வழங்கிய ‘அல்அன்பீக்’ என்னும் சொல் கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கு ‘அலெம்பிக்’ ஆகச் சென்றது. மரத்தை வெதுப்பி வடித்த கீலை அரபியில் ‘கத்ரான்’ என்பர். பிரெஞ்சு மொழியின் ‘கூத்ரோன்’, ஸ்பானிய மொழியின் ‘அல்கித்ரான்’ ஆகியவை அச்சொல்லின் வழிவந்தவையே. மரக்கலங்களுக்கும் கயிறுகளுக்கும் மரக்கீல் பூசுவது பல நாட்டுக் கடலோடிகளின் வழக்கம்.

இவற்றையெல்லாம் மூத்தவர் தேடித்தேடிச் சொன்னபோது எங்கள் ஊக்கம் இரட்டித்தது. முன்னோர் வடித்த கீலுக்கும் நாங்கள் வடிக்க நினைத்த எரிபொருளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது மட்டும் அப்போது எங்களுக்குப் புலப்படவில்லை.

முதல் எண்ணெய்

இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்றில் முப்பது கிலோ மரத்தூளை நிரப்பி மூடினோம். மூடியில் ஒரு குழாயைப் பற்றவைத்து, அக்குழாயைத் தண்ணீர்த் தொட்டி வழியே செலுத்தினோம். கீழே விறகு எரித்தோம். முதலில் வெறும் நீர் வந்தது; பிறகு மஞ்சள் புகை; அதன்பின் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம். மாலைக்குள் பத்து லிட்டருக்குச் சற்று மேல் சேர்ந்தது. புகையும் காடியும் கலந்த நெடி. எங்களுக்கோ அது அத்தர் மணமாக இருந்தது. பீப்பாயைத் திறந்து பார்த்தபோது ஓரத்துத் தூள் கரியாகியிருந்தது. நடுவிலிருந்த தூளோ வறுத்த காப்பிக்கொட்டை நிறத்திலேயே நின்றுவிட்டது. அது ஓர் எச்சரிக்கை. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு எங்கள் எண்ணெய் என்று கலந்து, நன்றாகக் குலுக்கி, மின்னாக்கியில் ஊற்றினோம். இயந்திரம் சில நிமிடங்கள் ஓடியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பிறகு அது இருமியது; வெண்புகை கக்கியது; நின்றுவிட்டது. எரிபொருள் வடிகட்டியில் தார் போன்ற களி. மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது இன்ஜெக்டர் முனைகள் அடைபட்டிருந்தன. எரிபொருள் பம்பையும் மாற்ற நேர்ந்தது. அந்த மாதம் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க வாப்பா கடன் வாங்கினார்கள்.

அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் கையைப் பிடித்து மரத்தூள் குவியலுக்கு அழைத்துச் சென்றார்கள். மேலே வெயிலில் காய்ந்து பொன்னிறமாக இருந்த தூளுக்குள் முழங்கை அளவு கையை நுழைத்து ஒரு பிடி அள்ளினார்கள். அது குற்றாலச் சாரல் பெய்யும் ஆனி மாதம். உள்ளிருந்து வந்த தூள் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது.

“மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்களே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த நிகழ்ச்சி நினைவிருக்கிறதா மக்களே?” என்று கேட்டார்கள். குவியலின் உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட பெருமானார், மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட அந்த வரலாறு எங்களுக்குச் சிறுவயது முதலே தெரியும். “அவர் பிறரை ஏமாற்றினார். நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொண்டீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே இதற்கு எண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்” என்றார்கள்.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

அதன் பிறகுதான் நாங்கள் உண்மையில் படிக்கத் தொடங்கினோம். உயிரி எண்ணெய் என்று வழங்கப்படும் இத்திரவம், எண்ணெய் என்று நாம் பொதுவாகக் கருதும் பொருளன்று. டீசலிலும் உலை எண்ணெயிலும் பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனும். ஆக்சிஜன் மிகச் சிறிது. மரமோ செல்லுலோசு, ஹெமிசெல்லுலோசு, லிக்னின் என்னும் மூன்று பெரும் பொருள்களால் ஆனது. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஆக்சிஜன். வெப்பத்தால் அப்பெரும் மூலக்கூறுகள் துண்டாகின்றனவே தவிர, ஆக்சிஜன் அவற்றை விட்டு நீங்குவதில்லை. ஆகவே உயிரி எண்ணெய் என்பது நூற்றுக்கணக்கான ஆக்சிஜன் சேர்மங்களின் கலவை.

அதன் குறைகளெல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து கிளைப்பவை. முறையாகச் செய்த உயிரி எண்ணெயிலேயே எடையில் 15 முதல் 30 விழுக்காடு வரை நீர் இருக்கும். டீசல் கிலோவுக்கு 42 மெகாஜூல் அளவில் வெப்பம் தரும். உயிரி எண்ணெய் தருவது 16 முதல் 19 வரையே. அசிட்டிக் அமிலம் முதலியவை கலந்திருப்பதால் அதன் பி.எச். மதிப்பு 2 முதல் 3. சாதாரண எஃகை அது அரித்துவிடும். நீரோடு உறவுடைய அது டீசலோடு கலவாது. எவ்வளவு குலுக்கினாலும் பிரிந்து நிற்கும். நாள்பட நாள்பட அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகும். சூடுபட்டால் இம்முதுமை இன்னும் விரையும். பெட்ரோலியத்தைப் போலக் காய்ச்சி வடித்துப் பிரிக்கவும் இயலாது. முழுதும் ஆவியாகுமுன் ஒரு பகுதி கலத்திலேயே கரியாக உறைந்துவிடும்.

நாங்கள் பீப்பாயில் வடித்ததோ இதனினும் தாழ்ந்தது. ஈரத்தூளில் இருந்த நீரெல்லாம் ஆவியாகி எண்ணெயோடு சேர்ந்துகொண்டது. மெல்லச் சூடேறியதால் விளைவில் பெரும்பகுதி கரியாகவும் வாயுவாகவும் போயிற்று. நுண்கரித் துகள் ஆவியோடு பறந்து வந்து திரவத்தில் தங்கிற்று. இன்ஜெக்டரை அடைத்ததில் அதற்கும் பங்குண்டு.

தரம் உயரும் மூன்று இடங்கள்

அப்படியானால் தரத்தை உயர்த்த வழியே இல்லையா? உண்டு. உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்ட வழிகளைச் சூடேற்றுவதற்கு முன், சூடேற்றும்போது, சூடேற்றிய பின் என மூன்றாக வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது தூளிலேயே தொடங்குகிறது. புதிதாக அறுத்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். அதனைப் பத்து விழுக்காட்டிற்கும் கீழே உலர்த்த வேண்டும். துகள் சில மில்லிமீட்டருக்கு மேற்படாதிருக்க வேண்டும். பெரிய துகளின் உட்புறம் சூடாவதற்குள் வெளிப்புறம் கரியாகிவிடும். பட்டையை நீக்குவது நல்லது. பட்டையில் சாம்பல் மிகுதி. சாம்பலிலுள்ள பொட்டாசியம் ஆவியை மேலும் சிதைத்து எண்ணெயைக் குறைத்து, நீரையும் வாயுவையும் பெருக்கும். தூளை நீரில் கழுவியோ மென்மையான அமிலத்தில் அலசியோ அதனை நீக்குவதும் உண்டு. ஆனால் கழுவியதை மீண்டும் உலர்த்தும் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டாவது விரைவு. ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் தூளை நொடிப்பொழுதில் சூடாக்கி, எழும் ஆவியை இரண்டு நொடிக்குள் வெளியேற்றிக் குளிர்வித்துவிட வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980களில் சூடான மணல், வாயு ஓட்டத்தில் கொதிநீர் போலப் புரளும் படுகையைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார்கள். இம்முறையில் உலர்ந்த மரத்தின் எடையில் 75 விழுக்காடு வரை திரவமாகக் கிடைக்கிறது. மெல்லச் சூடாக்கும் பீப்பாய் முறையில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. ஆவியிலிருந்து கரியைச் சுழற்பிரிப்பான் கொண்டு நீக்குவார்கள். அதற்கும் தப்பிய நுண்கரியைச் சூடான நிலையிலேயே வடிகட்டியும் பிரிக்கலாம். அப்போது எண்ணெய் தெளியும், அளவு சற்றுக் குறையும். ஆவியை ஒரே கலத்தில் குளிர்விக்காமல் வெவ்வேறு வெப்பநிலையில் படிப்படியாகக் குளிர்வித்தால், கனமான பகுதி முதலில் தங்கும். நீரும் காடியும் கடைசிக் கலத்தில் தனியே சேரும்.

மூன்றாவது மருத்துவம். வடித்த எண்ணெயில் பத்து விழுக்காடு அளவு மெத்தனால் போன்ற ஆல்கஹால் சேர்த்தால் அது கெட்டியாவது வெகுவாகத் தாமதப்படும் என்று அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார் 1997 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இது முதுமையைத் தள்ளிப்போடும், ஆக்சிஜனை நீக்காது. ஆக்சிஜனை நீக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, சியோலைட்டு என்னும் நுண்துளை வினையூக்கியின்மேல் ஆவியைச் செலுத்துவது. இதற்குப் பேரழுத்தம் வேண்டியதில்லை. ஆனால் வினையூக்கியின்மேல் விரைவில் கரி படிந்துவிடும், விளைச்சலும் குறையும். மற்றொன்று, உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் கொடுத்து ஆக்சிஜனை நீராக்கி வெளியேற்றுவது. எடுத்த எடுப்பிலேயே பெருஞ்சூடு கொடுத்தால் எண்ணெய் கலத்துக்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், முதலில் மிதமான சூட்டில் அதனை நிலைப்படுத்தி, அதன்பின் 350 முதல் 400 பாகை வரை உயர்த்துவார்கள். நல்ல எரிபொருள் கிடைக்கும்; ஹைட்ரஜனின் விலைதான் தடை.

ஆனால் எல்லா வேலைக்கும் எல்லாத் தரமும் தேவையில்லை. நெதர்லாந்தில் ஹெங்கெலோ நகரில் 2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆலையில் மரக்கழிவிலிருந்து வடித்த எண்ணெய், ஹைட்ரஜன் ஊட்டப்பெறாமலே, போர்குலோ என்னும் ஊரிலுள்ள பால்பொருள் ஆலையின் கொதிகலனுக்கு எரிவாயுவின் இடத்தில் சென்றது. சுவீடனில் யெவ்லே நகருக்கருகே ஒரு மர அறுவை ஆலையின் வளாகத்திலேயே 2021 ஆம் ஆண்டில் அவ்வாலையின் மரத்தூளை எண்ணெயாக்கத் தொடங்கினர். அந்த எண்ணெய் லீசெகில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்று, அங்குள்ள ஹைட்ரஜனின் துணையால் போக்குவரத்து எரிபொருளாக மாறும் ஏற்பாடு. மர அறுவை ஆலையின் பின்புறத்தில் குவியும் தூளுக்கு இப்படியும் ஒரு வாழ்வு உண்டு என்று படித்தபோது, எங்கள் ஆலையின் பின்புறத்தை எண்ணி நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

தேநீர் ஆறுவதற்குள்

2013 ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நாங்கள் பலமுறை வடித்துவிட்டோம். தூளைச் சலித்து, கூரையிட்ட களத்தில் உலர்த்தி, பீப்பாயில் குறைவாக நிரப்பிச் சூடாக்கினோம். நீர் குறைந்தது, நெடி குறையவில்லை. பீப்பாய் எவ்வளவு திருந்தினாலும் இரண்டு நொடியில் வேலை முடிக்கும் மணற்படுகை ஆகிவிடாதல்லவா? கேன்களில் சேர்த்து வைத்திருந்தோம்.

அப்போது உலை எண்ணெய் வியாபாரி ஒருவர் வந்தார். “பாய், உங்க சரக்கும் கறுப்பு, உலை எண்ணெயும் கறுப்பு. பத்துக்கு ஒன்று கலந்தால் யாருக்குத் தெரியும்? மாதாமாதம் நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். அவர் சொன்ன விலை நாங்கள் எதிர்பாராதது. மின்னாக்கி பழுதான கடன் இன்னும் தீரவில்லை. எங்கள் தங்கையின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த வேளை வேறு. உண்மையைச் சொன்னால், நாங்கள் இருவரும் கொடுத்துவிடலாம் என்றே சொன்னோம். அவர் கலந்தால் அது அவர் பொறுப்பு, நாம் விற்பது மரத்திரவம்தானே என்று எங்களுக்குள் ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டோம். படித்த படிப்பு அவ்வேளையில் இப்படித்தான் துணைநின்றது.

வாப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துவரச் சொன்னார்கள். அதில் பாதி டீசலும் பாதி எங்கள் எண்ணெயும் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தார்கள். பிறகு வியாபாரிக்குத் தேநீர் வரவழைத்தார்கள். மழை பற்றியும் மர விலை பற்றியும் பேசினார்கள். தேநீர் முடிவதற்குள் புட்டியில் இரண்டும் தனித்தனியே பிரிந்து நின்றன. கறுப்பு கீழே, டீசல் மேலே.

“இதை வாங்கி எரிப்பவன் வீட்டிலும் ஓர் உலை இருக்கும், கூலிக்கு ஆள் இருப்பான், கடன் இருக்கும். என் இயந்திரம் நின்றபோது எனக்கு வலித்தது. அவனுக்கு வலிக்காதா? குறையைச் சொல்லிக் கேட்டால் இனாமாகவே தருகிறேன். சொல்லாமல் விற்பதற்கு என்னிடம் சரக்கில்லை” என்றார்கள். வியாபாரி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். நாங்கள் தலை நிமிரவில்லை. தங்கையின் நிக்காஹ் பள்ளிவாசலில் எளிய முறையில் நடந்தேறியது. விருந்து சிறிது, கடனில்லை.

பின்னாளில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைப் படித்தபோது அந்தப் புட்டி எங்கள் நினைவுக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், பைன் மரத்தை வினையூக்கியின் துணையால் எரிபொருளாக்க எழுந்த கியோர் நிறுவனம், எதிர்பார்த்த அளவு உற்பத்தியை எட்ட முடியாமல் 2014 ஆம் ஆண்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. முதலீட்டாளர்களுக்கு எடுத்துரைத்த விளைச்சல் அளவு தொடர்பாக 2016 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் தீர்வு செய்துகொண்டது. அறிவு மிகுந்தோர் கூடிய இடத்திலும், ஒரு டன் மரத்திலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வியே பெரும் வழக்காகிவிட்டது.

இதற்கு மாறாக நல்வழி காட்டும் ஏற்பாடும் உண்டு. கொதிகலன்களில் எரிக்கும் உயிரி எண்ணெய்க்கு ஏ.எஸ்.டி.எம். டி 7544 என்னும் தர விதி 2009 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. நீர் 30 விழுக்காட்டிற்கு மேல் கூடாது. வெப்பம் கிலோவுக்கு 15 மெகாஜூலுக்குக் குறையக் கூடாது. திடத்துகள் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது வரையறுக்கிறது. ஐரோப்பியருக்கும் 2017 இல் இத்தகைய விதி ஒன்று அமைந்தது. நீரே இல்லை என்று அவை சாதிக்கவில்லை. எவ்வளவு நீர் என்று அளந்து சொல் என்கின்றன. ஈரத்தை மேலே வைத்துக் காட்டும் வணிகம் அன்றோ இது!

அலமாரியில் ஒரு புட்டி

அதன்பின் வாப்பா குவியலுக்குத் தீயிடுவதை அறவே நிறுத்தினார்கள். களத்தில் உலர்த்திய தூளை எரிகட்டி செய்வோருக்கு விற்றோம். நூறு கிராம் தூளை நிறுத்து, சூட்டில் முழுதும் உலர்த்தி, மீண்டும் நிறுத்து, குறைந்த எடையை ஈரம் என்று ஒவ்வொரு சுமைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தோம். சாரல் காலத்தில் ஈரம் கூடினால் விலை குறையும். அதனையும் வாப்பாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். வாங்குவோர் பேரம் பேசுவதை விட்டார்கள். ஆச்சி சில ஆண்டுகள் எங்கள் மதிலருகிலேயே வெற்றிலை மென்றுகொண்டு அமர்ந்திருந்தார். மிஞ்சிய எண்ணெயை வேலிக் கால்களுக்குப் பூசினோம். கத்ரானாகப் பிறந்தது கத்ரானாகவே பயன்பட்டது.

வாப்பா 2019 ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள். அன்று வடித்த எண்ணெயில் ஒரு புட்டி எங்கள் அலமாரியில் இன்றும் இருக்கிறது. அது கெட்டியாகி அடியில் தாராக உறைந்து, மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. புட்டியைச் சாய்த்தால் நீர் மட்டும் அசையும். வேதியியல் மாணவர்களுக்கு உயிரி எண்ணெயின் முதுமையை விளக்க இளையவர் அதனைக் காட்டுவார். தமிழ் மாணவர்களுக்குப் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை விளக்க மூத்தவர் அதனைக் காட்டுவார்.

மாணவத் தம்பியரே, தங்கையரே! மரக்கழிவிலிருந்து நல்ல எரிபொருள் வடிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. மலிவான ஹைட்ரஜனும், கரி படியாத வினையூக்கியும், சிற்றூர் ஆலைகளுக்கு ஏற்ற சிறிய உலையும் வேண்டியிருக்கின்றன. உங்களுள் ஒருவர் அதனைச் செய்யக்கூடும். செய்ய விழைவோர் எங்களைப் போல வீட்டு முற்றத்தில் பீப்பாயை ஏற்றிவிடாதீர்கள். அந்த வாயுவில் நஞ்சான கார்பன் மோனாக்சைடு உண்டு. வெளியேற வழியடைத்தால் பீப்பாய் வெடிக்கவும் கூடும். ஆசிரியரின் துணையோடு ஆய்வுக்கூடத்தில் தொடங்குங்கள். தொடங்குமுன் குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள். கண்ட ஈரத்தை மறைக்காமல் எழுதி வையுங்கள். எண்ணெயின் தரம் அங்கேதான் தொடங்குகிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வேதியியல் படித்தவரல்லர்.

அன்னாரின் மறுமை வாழ்வு சிறக்க எங்களோடு நீங்களும் துஆச் செய்யுங்கள்.